முனியாண்டியின் கல்யாணமும் அழிக்கக் கூடாத சீட்டும்

“ஒரு பேருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துட்டா, அதுக்கப்புறம் அதை மாத்தவே கூடாது மேடம். இதுதான் புது முறை” என்று கவிதா சொன்னபோது, வாயிலிருந்த கறிபாப் பலகாரத்தைத் துப்பிவிடுகிற அளவுக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மலாக்கா ஆயர் குரோ ஆபீஸில் எனக்குக் கடைசி வேலை நாள். கவிதா எங்கள் பிரிவில் சேர்ந்து நாலே மாதம் ஆன பெண். கிடங்கில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பழைய கணினி நிரலை, அவளும் அவள் கூட்டாளிகளும் ஃபங்ஷனல் மொழி ஒன்றில் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒன்று கொடுப்பதை அடுத்தது வாங்கி, வாங்கியதைத் தொடாமல் புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கும் முறை அது.

“ஏன் மேடம் சிரிக்கிறீங்க?”

“இந்த விதியை மீறினதால ஒருத்தரு கல்யாணமே நிக்கப் பாத்துச்சும்மா.”

“கம்ப்யூட்டரால கல்யாணம் நின்னுச்சா?”

“கம்ப்யூட்டரே இல்ல. நாங்கதான் கம்ப்யூட்டர்.”

விடுவார்களா? கேக் வெட்டுவதற்குள் பாதி சொன்னேன். மீதியை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். இதோ எழுதுகிறேன். கோலாலம்பூரில் பெற்ற பயிற்சி, குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அட்டைகளில் துளை போட்டது, பிறகு திரை வந்தது, சுட்டி வந்தது எல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். முப்பது வருஷத்தை இந்த ஒரு வாக்கியத்தில் மூட்டை கட்டிவிட்டேன். நான் சொல்ல ஆசைப்படுவது அதற்கெல்லாம் முந்தியது.

அப்போது எனக்கு இருபது வயது. மலாய் நாடு சுதந்திரம் வாங்கி ஐந்து வருஷம். ஊரெங்கும் புதுப் பள்ளிக்கூடம், புது வீடு, புது ரோடு. எல்லோருக்கும் புது பஸ் வேண்டியிருந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பஸ் கம்பெனியின் டிப்போ. கீழே பஸ்கள், மேலே ஆபீஸ். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்துவிட்டு வீட்டில் ஓரிடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, அங்கே டிரைவர்களின் டூட்டி லிஸ்ட் எழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்த்துக்கொண்டார்கள்.

பெரிய கிராணி நல்லதம்பி சாரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். யாரையும் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, “ம்” என்பார். ஒரு ‘ம்’ என்றால் சரி. இரண்டு ‘ம்’ வந்தால் அன்றைக்கு மத்தியானம் நமக்குச் சோறு இறங்காது. புதுப் பென்சிலை ரம்பத்தால் மூன்றாக அறுத்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். அது சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்த பிறகு அவர் உள்ளங்கையில் வைத்தால்தான் அடுத்த துண்டு. வந்த கடித உறைகளைப் பிரித்து உள்பக்கத்தை வெளிப்பக்கமாக்கி ஒட்டுவார். எங்கள் ஆபீஸில் மை கிடையாது; எல்லாம் பென்சில்தான். ஒவ்வொரு மேசையிலும் இழுப்பறைப் பிடியில் நூல் கட்டி ஒரு ரப்பர் தொங்கும். எழுது, அழி, அதே தாளில் மறுபடி எழுது. அதுதான் எங்கள் ஆபீஸின் மதம்.

டூட்டி லிஸ்ட்டும் அப்படித்தான். முப்பத்தாறு டிரைவர்கள், ஏழு நாள், ஒரே ஒரு பெரிய தாள். ராத்திரி கடைசி பஸ் ஓட்டியவனுக்குக் காலை முதல் பஸ் கொடுக்கக் கூடாது. லீவு கேட்டவன் பெயரை விட வேண்டும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். அழித்து அழித்து எழுதி, வியாழக்கிழமைக்குள் தாள் நடுவில் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் யார் பெயர் இருந்ததோ, அவன் பாடு திண்டாட்டம்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம், என்னோடு படித்த ரெஜினாவின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருந்தார். லிஸ்ப் என்று ஒரு புது மொழி. கணினியோடு பேசும் மொழி. மலாக்காவில் கணினியைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ரெஜினா இரண்டு பக்கம் படித்துவிட்டு, “எல்லாம் அடைப்புக்குறிதான், நீயே வெச்சுக்கோ” என்று என் மடியில் போட்டுவிட்டாள். நான் அதைச் சோறு தின்னும்போதும் படித்தேன். எதைக் கொடுத்தாலும் பட்டியல் என்கிறது! பட்டியலில் முதல் ஆள் யார்? அவனைத் தனியாக எடு. மிச்சப் பட்டியலை அதே வேலைக்கு மறுபடி அனுப்பு. பட்டியல் காலியானால் நிறுத்து. இவ்வளவுதான் வித்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில்.

கணினி இல்லையென்றால் என்ன? ஆபீஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோமே!

இரண்டாவது மேசையில் லெட்சுமி அக்கா. காஜா பேராங் செட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். தமிழில் சாமி பெயரும் பலகாரப் பெயரும் மட்டும் தெரியும். மூன்றாவது மேசையில் ஆ லியோங், டிக்கெட் கணக்குப் பார்ப்பவர். நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது கடைத்தெரு மலாயில். அதைத் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சோதனை குடை. பஸ்ஸில் விட்டுப்போன குடைகள் அறுபதுக்கு மேல் மூலையில் குவிந்து கிடந்தன. ஓர் ஆசிரியர் வந்து, கறுப்புக் குடை, மூங்கில் பிடி, செவ்வாய்க்கிழமை அலோர் காஜா லைனில் விட்டேன் என்றார். நான் மேசைகளைப் பிரித்தேன். லெட்சுமி அக்கா கறுப்புக் குடைகளை மட்டும் பொறுக்கி ஆ லியோங்கிடம் கொடுக்க வேண்டும். அவர் மூங்கில் பிடியை மட்டும் என்னிடம் தள்ள வேண்டும். நான் குடையில் கட்டியிருந்த சீட்டில் செவ்வாய் என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். யாரும் அடுத்தவர் வேலையைப் பற்றி யோசிக்கக் கூடாது. மூன்றே நிமிஷத்தில் ஒரே ஒரு குடை மிஞ்சியது.

“அடோய், இதுக்கா அமெரிக்கா போகணும்?” என்றார் லெட்சுமி அக்கா.

அடுத்தது, போகும் வழியின் இருபத்தாறு நிறுத்தங்களின் பட்டியலைத் திருப்பிப் போட்டு, வரும் வழிப் பட்டியல் செய்வது. முதல் நிறுத்தத்தை ஓரமாக வை. மிச்சத்தை நீயே திருப்பு. திருப்பியதற்குக் கடைசியில் இதை ஒட்டு. ஆ லியோங் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“மிச்சத்தை யாரு திருப்புறது?”

“நீங்கதான்.”

“நான்தான் இதைச் செஞ்சிட்டிருக்கேனே!”

“இன்னொரு ஆ லியோங் பக்கத்துல உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கோங்க. அவருக்கு ஒரு நிறுத்தம் கம்மி. கடைசி ஆளுக்குக் காலிச் சீட்டு.”

“ஒரு ஆ லியோங்கையே என் பெண்டாட்டியால தாங்க முடியல, அமோய். நீ இருபத்தேழு பேர் கேக்கறே.” சின்னப் பெண்ணான என்னை அவர் ‘அமோய்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் செய்தார். இருபத்தேழாவது ஆ லியோங் காலிச் சீட்டைப் பார்த்து ‘முடிந்தது’ என்றதும், வரிசையாகப் பட்டியல் திரும்பி வந்ததைப் பார்த்து அவரே கைதட்டிவிட்டார்.

பிறகுதான் டூட்டி லிஸ்ட்டில் கை வைத்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு, அதில் முப்பத்தாறு பெயர். அன்று லீவு கேட்டவன் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. சீட்டுகள் சுவரில் நாளுக்கு ஓர் ஆணியில் தொங்கும். லெட்சுமி அக்கா அதைப் பார்த்து, குறி இல்லாமலும் முந்தின ராத்திரி ஓட்டாமலும் இருப்பவர்களை மட்டும் ஒரு புதுச் சீட்டில் எழுதுவார். ஆ லியோங் அதில் முதல் ஆளை முதல் டிரிப்புக்குப் போட்டு, மிச்ச ஆட்களையும் மிச்ச டிரிப்புகளையும் இன்னொரு புதுச் சீட்டில் எழுதி எனக்குத் தருவார். ஆள் தீர்ந்துபோய் டிரிப் மிஞ்சினால், நான் “இல்லை” என்று சொல்லி ஆணிக்குத் திரும்பிப் போய், அடுத்த ஆளிலிருந்து மறுபடி தொடங்குவேன். அதனால் சட்டம் ஒன்றே ஒன்று: வந்த சீட்டில் யாரும் எழுதக் கூடாது, அழிக்கக் கூடாது. திரும்பிப் போகும்போது சீட்டு போனபடியே இருக்க வேண்டும்.

நல்லதம்பி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா சரோஜா, அப்ப ஒரு லிஸ்ட்டுக்கு எத்தன சீட்டு?”

“ஒரு நாளைக்கு ஒரு முப்பது ஆவும் சார்.”

“ம். ம்.”

ஆனால் மனுஷர் எழுந்து போய், பழைய டிக்கெட் புத்தகங்களின் அடிக்கட்டைகளை மூன்று கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். “பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. இது தீர்ந்தா, ஒன் வித்தையும் தீர்ந்துச்சு.”

முதல் வாரம், ஏழு நாள் வேலை ஒரே காலையில் முடிந்தது! இரண்டாம் வாரம் இன்னும் அரைமணி குறைந்தது. டிரைவர்கள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “சீட்டுல உள்ளதை மட்டும் பாருங்க! யோசிக்காதீங்க!” என்று ராணி மாதிரி உத்தரவு போட்டேன். யோசிக்காமல் வேலை நடக்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தச் சமயத்தில்தான் முனியாண்டி அண்ணன் கல்யாணம். டிப்போவிலேயே சாதுவான டிரைவர். பெண் பாக்கியம், ஜாசின் பக்கம். இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் தள்ளிப்போனது எங்கள் ஆபீஸால்தான். முதல் தடவை லீவு கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை லீவு கிடைத்தது. தாள் கிழிந்த இடத்தில் போய்விட்டது. பெண்ணின் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம், இந்த ஞாயிற்றுக்கிழமையும் தள்ளினால் வேறு இடம் பார்ப்பேன் என்று. ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோவிலில் தாலி. மாப்பிள்ளையோடு, அவருடைய டிரைவர் கூட்டாளிகள் பதினாலு பேரும் லீவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு சீட்டில் பதினைந்து குறிகளை நானே அழுத்திப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டம் அமர்க்களமாக நடந்தது. ஞாயிறில் ஒரே ஒரு இடத்தில் இடித்தது: ஆறரை மணி ஜாசின் டிரிப்புக்கு ஆள் இல்லை. நான் “இல்லை” சொல்லி, ஆணிக்குப் போய், ஞாயிறு சீட்டை எடுத்து மறுபடி ஓடவிட்டேன். பொருந்திவிட்டது! பன்னிரண்டு மணிக்குக் கீழே பலகையில் லிஸ்ட்டைக் குத்திவிட்டு, கறிபாப் வாங்க ஓடினேன். வாய்க்குள் வைப்பதற்குள் மாடிப்படி அதிர்ந்தது.

முனியாண்டி அண்ணன் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். கோபப்படத் தெரியாத முகம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இழுபட்டது.

“தங்கச்சி, ஞாயித்துக்கெழம ஆறரைக்கு ஜாசின் லைன்ல யாரு பேரு போட்டிருக்கே?”

“யாருண்ணே?”

“நான்தான்.”

“இருக்காதுண்ணே!”

“அந்த பஸ்லதான் பொண்ணு வீட்டுக்காரங்க நாப்பது பேரும் வர்றாங்க. மாலையை ஸ்டீரிங்குல மாட்டிக்கிட்டு வரவா? எங்கம்மா வெசத்தக் குடிச்சிரும்.”

ஆ லியோங் சிரித்துவிட்டார். நான் முறைத்ததும் இருமலாக்கிக்கொண்டார்.

நான் ஓடிப்போய் ஞாயிறு சீட்டை எடுத்தேன். முப்பத்தாறு பெயர். ஒரு குறி கூட இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெயர்களுக்கு எதிரே, பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் பதினைந்து இருந்தது.

“யாரு இதை அழிச்சது?”

லெட்சுமி அக்கா நிமிர்ந்தார். கொஞ்சமும் ஒளிக்கத் தெரியாதவர். “நான்தான். சாயாங் லா, வீணாப் போகுதேன்னுதான். திங்கக்கிழமைக்கும் அதே முப்பத்தாறு பேருதானே? மறுபடி எதுக்கு எழுதிக் காகிதத்தை வீணாக்கணும்? கட்டு வேற தீரப்போகுது. குறியை மட்டும் அழிச்சேன், திங்கக்கிழமை வேலையை முடிச்சேன், அதே ஆணியில மாட்டிட்டேன்.”

“குறி?”

“திரும்பப் போடலாம்னு இருந்தேன். எல்லாம் மனப்பாடம். அதுக்குள்ள காப்பி வந்துருச்சு.”

யாரைக் குற்றம் சொல்வது? அந்த ஆபீஸில் பதினோரு வருஷம் அவருக்குச் சொல்லிக் கொடுத்த நல்ல பழக்கமே அதுதான். முனியாண்டி என்ற பெயரைப் பார்த்துக்கொண்டே “யோசிக்காதீங்க” என்று லிஸ்ட்டில் ஏற்றியவள் நான். கடிகாரத்தைத் தோற்கடிக்கும் வெறியில் கல்யாணப் பத்திரிகையே மறந்துபோன மண்டை என்னுடையது. இப்போது லெட்சுமி அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்.

ஐந்து மணிக்கு மேல் பலகையில் உள்ள லிஸ்ட் மாறாது. அது கம்பெனி விதி. நல்லதம்பி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. ‘ம்’ சொல்லவில்லை. இடுப்புச் சாவியால் இரும்பு அலமாரியைத் திறந்து, பிரிக்காத ஒரு ரீம் வெள்ளைத்தாளை என் மேசையில் வைத்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்து, மேசை மேசையாகப் போய், ரப்பர் கட்டியிருந்த நூல்களை அறுத்தார். நான்கையும் பையில் போட்டுக்கொண்டு, “எனக்கும் ஒரு மேசை வேலை குடும்மா” என்றார்.

அவருக்கு “இல்லை” சொல்லும் வேலையைக் கொடுத்தேன். ஞாயிறு சீட்டைக் குறிகளோடு புதிதாக எழுதி ஓட்டினோம். சார் “இல்லை” என்றார். திரும்பினோம். “இல்லை.” வேறு ஆளிலிருந்து தொடங்கினோம். “இல்லை.” மூன்று மணிக்கு எல்லா வழியும் தீர்ந்து, கடைசிச் சீட்டும் காலியாகத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு லிஸ்ட்டே கிடையாது. பதினைந்து பேர் லீவில் போனால் அத்தனை பஸ்ஸும் ஓடாது. அதிலும் பெண் வீட்டார் வரவேண்டிய பஸ்ஸே ஓடாது. காலையில் பொருந்தியது, குறிகள் அழிந்து போனதால் பொருந்திய பொய்.

“அப்ப நான் பொண்ணோட அப்பாவுக்குத் தந்தி குடுத்துரவா?” என்று முனியாண்டி அண்ணன் மெதுவாகக் கேட்டார். அவர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த நிமிஷம் நான் யோசித்தேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக! சீட்டுகள் சரியாகத்தான் பேசுகின்றன. நாங்கள் கேட்ட கேள்விதான் முரடு. ஒரு பெருக்கல் குறி முழு நாளையும் தின்கிறது. தாலி கட்ட முழு நாளா ஆகிறது? டிப்போவுக்கு இறங்கி ஓடினேன். கல்யாணக் கூட்டாளிகளில் ஏழெட்டுப் பேர் பஸ் நிழலில் இருந்தார்கள்.

“அண்ணே, நீங்கல்லாம் கல்யாணத்துக்குப் போறது தாலிக்கா, சாப்பாட்டுக்கா?”

“என்னா கேள்வி இது? ரெண்டுக்கும்தான்.”

“பதினோரு மணிக்குள்ள ரெண்டும் முடிஞ்சா, அப்புறம் பஸ் எடுப்பீங்களா? விடிகாலையிலயும் எடுப்பீங்களா?”

“மொதப் பந்தியில எடம் குடுத்தா எடுப்போம்” என்றார் சுப்பையா அண்ணன். “ஆறரை ஜாசின் எனக்குக் குடு. பொண்ணைக் கூட்டியார்ற பஸ்ஸை நான்தான் ஓட்டுவேன்.”

“யோவ், நான் மாப்பிள்ளைக்குத் தம்பி மொறைய்யா! அந்த பஸ்ஸு என்னோடது!” என்று இன்னொருவர் எழுந்தார். நான் சண்டைக்கு நிற்காமல் மேலே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமையை மூன்று சீட்டாக உடைத்தோம். ஒன்பதுக்கு முன், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பதினொன்றுக்குப் பின். கூட்டாளிகளுக்கு நடுச்சீட்டில் மட்டும் குறி. மாப்பிள்ளைக்கு மூன்றிலும். லெட்சுமி அக்கா புதுத்தாளை எடுக்கும்போதெல்லாம் “சாயாங், சாயாங்” என்று முனகினார், ஆனால் எடுத்தார். முதல் சீட்டு போய் வந்தது. இரண்டாவது, இரண்டு தடவை “இல்லை” வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை பொருந்தியது. மூன்றாவது சீட்டு சார் கைக்குப் போனது. அவர் மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். நாலு மணி ஐம்பது.

“ம்” என்றார். ஒன்றே ஒன்று.

ஆ லியோங் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. நான் படியில் இறங்கவில்லை, பறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுப்பையா அண்ணன்தான் ஜாசின் பஸ்ஸை ஓட்டினார். நல்லதம்பி சார் கோவில் பக்கத்து மண்டப வாசலில் டூட்டி லிஸ்ட்டோடு நின்று, முதல் பந்தியில் யார் யார் உட்கார வேண்டும் என்று பஸ் நேரப்படி கூப்பிட்டார். “பதினொண்ணு அஞ்சு ஜாசின், உள்ள வா. பதினொண்ணு பத்து, வா.” பாயசம் ஊற்றும்போதே, “மூணு நிமிஷம் இருக்கு, மெதுவாக் குடி” என்றார். பதினாலு பேரும் பட்டு வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடிய காட்சியை, அதே தெருவிலிருந்த மசூதி வாசலில் நின்றவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

முனியாண்டி அண்ணன் மாலையும் கழுத்துமாக, பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டாளிகளை அனுப்ப, ஜாசின் பஸ் நின்ற தெருமுனைவரை வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷம்:

“தங்கச்சி, நாளைக்கு எனக்கு எந்த லைன்?”

அதுவரை தலை குனிந்தே இருந்த பாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். “இன்னொரு தடவ லைனுன்னு சொன்னீங்கன்னா, நிக்கிற இதே பஸ்ஸுல ஏறி நான் ஜாசின் போயிருவேன்” என்றாள்.

பதினொன்று ஐந்துக்கு சுப்பையா அண்ணன் ஹாரனை நீளமாக அடித்து, ஜாசின் பஸ்ஸைக் கிளப்பினார். அவள் ஏறவில்லை.